புல்லட் ஃபோர்க் ஆயில்: முன்பக்கம் தொங்கினால் கெட்டி ஆயில் ஊற்றலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1989-ல் வாங்கிய 350 ஸ்டாண்டர்ட் புல்லட் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்ஜின் வேலை முடிந்து நன்றாக ஓடுகிறது. தொந்தரவு முன்பக்கத்தில், சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில்தான். பிரேக் பிடித்தால் மூக்கால் குத்துகிறது. ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம். ஆள் ஏறாமலேயே முன்பக்கம் கொஞ்சம் தொங்கித்தான் நிற்கிறது.

இரண்டு மாதம் முன்பு ஒரு கடையில் விட்டேன். "கெட்டி ஆயில் போட்டால் தூக்கிக்கொடுக்கும்" என்று சொல்லி, இன்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ50 ஆயிலையே பக்கத்துக்குக் கால் லிட்டர் ஊற்றினார்கள். இரண்டு நாள் வண்டி கட்டை மாதிரி இருந்தது, மணிக்கட்டு வலித்தது. மூன்றாம் நாள் வலது ஃபோர்க்கில் சீல் (ஆயிலை உள்ளே பிடித்து வைக்கும் ரப்பர் வளையம்) போய், ஆயில் வழிந்து சக்கரம் வரை வந்துவிட்டது. இப்போது குத்தலும் இருக்கிறது, ஒழுகலும் இருக்கிறது.

இந்த முறை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். எந்த ஆயில், எவ்வளவு, எப்படி? சைக்கிள் பஞ்சர் ஒட்டிய அனுபவத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கிறது. இன்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறேன், கிளட்ச் பிளேட் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன்.


இரட்டைப்புகை எழுதியது:

நான் ஆர்எக்ஸ் 100 ஆள். எங்கள் ஊரில் எல்லாரும் ஃபோர்க்குக்கு இன்ஜின் ஆயில்தான் ஊற்றுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கு சீல் பழசு, அதனால் போயிருக்கும். புது சீல் போட்டு அதே ஆயிலை ஊற்றுங்கள். ஃபோர்க் ஆயில் என்று தனியாக விற்பதெல்லாம் பாட்டிலுக்குக் காசு.


பழைய ஸ்பேனர் எழுதியது:

காவிரிக்கரை தம்பி, ஆயிலை வாங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவது ஸ்பிரிங். ஆயில் எடை தாங்காது. ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் திரும்ப விரியும் வேகத்தையும் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை.

வீட்டில் முறுக்கு அச்சு இருக்கும், பாருங்கள். மாவு கெட்டியாக இருந்தால் பிழியும்போது கை வலிக்கும், மெதுவாகத்தான் இறங்கும். மாவு இளகலாக இருந்தால் சட்டென்று இறங்கிவிடும். ஆனால் எவ்வளவு கெட்டியான மாவும் அச்சின் கைப்பிடியைத் திரும்ப மேலே தள்ளாது. ஃபோர்க்குக்குள் நடப்பதும் இதுதான். சின்னத் துளைகள் வழியாக ஆயில் பிழியப்படுகிறது. வேகமாகத் தள்ளினால் தடை ரொம்ப அதிகம், மெதுவாகத் தள்ளினால் தடையே இல்லை. வண்டி சும்மா நிற்கும்போது வேகம் பூஜ்யம். அப்போது ஆயில் தண்ணீர் மாதிரி இருந்தாலும் சரி, தேன் மாதிரி இருந்தாலும் சரி, முன்பக்கம் ஸ்பிரிங் விடுகிற இடத்தில்தான் நிற்கும்.

அதனால் "தொங்குகிறது" என்பது ஸ்பிரிங் புகார். "குத்துகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது" என்பதில் பாதி ஆயில் புகார். "டங்" என்பது மூன்றாவது. அது கோன் செட்டாக (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) இருக்கலாம், புஷ்ஷாக (ஃபோர்க் குழாய்களுக்கு நடுவே இருக்கும் உருளை) இருக்கலாம், ஆயில் குறைந்து ஃபோர்க் முழுக்க விரிந்து முட்டுவதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மருந்து என்று கால் லிட்டரை ஊற்றிவிட்டார்கள்.


இரட்டைப்புகை எழுதியது:

அண்ணே, அப்படியானால் கெட்டி ஆயில் போட்டதும் இரண்டு நாள் குத்தவில்லையே? அவரே சொல்கிறாரே.


பழைய ஸ்பேனர் எழுதியது:

குத்தும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். பிரேக்கை நான்கு நொடி பிடித்துக்கொண்டே இருந்தால் அதே ஆழத்துக்குத்தான் இறங்கும். அதோடு, கெட்டி ஆயிலில் இன்னொரு வம்பு இருக்கிறது. தொடர்ச்சியாக மேடு பள்ளம் வந்தால், ஒரு குழியில் அமுங்கிய ஃபோர்க் விரிவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். விரிய நேரமில்லாமல் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் ஃபோர்க்கே இல்லாத வண்டி மாதிரி மணிக்கட்டில் அடிக்கும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

சீல் போனதற்குக் காரணம் கெட்டித்தன்மை மட்டுமில்லை, அளவும்தான். உங்களது மாதிரி பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டுக்குப் பக்கத்துக்கு 200 மில்லி. பழைய ஆங்கிலக் கணக்கில் 7 அவுன்ஸ். அதில் 50 கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும்.


அளவுகோல் எழுதியது:

அந்த 50-ஐப் பற்றி நான் சொல்கிறேன். ஃபோர்க்குக்குள் ஆயிலுக்கு மேல் இருப்பது காற்று. ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் காற்றும் அமுங்கி இரண்டாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள் (இது புல்லட்டின் அளவு இல்லை). விரிந்த நிலையில் காற்று 200 மில்லி, முழுக்க அமுங்கினால் 80 மில்லி என்றால் அழுத்தம் இரண்டரை மடங்கு. இப்போது 50 மில்லி ஆயிலைக் கூடுதலாக ஊற்றுங்கள். ஆயில் அமுங்காது, காற்றின் இடத்தைத்தான் பிடிக்கும். 150 மில்லி காற்று 30-க்கு அமுங்க வேண்டும். ஐந்து மடங்கு. ஆயிலில் சின்ன வித்தியாசம், அழுத்தத்தில் இரட்டிப்பு. அதைத் தாங்க வேண்டியது ஒரு ரப்பர் உதடு. பழைய சீலாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது ஆயில் பாட்டிலில் போட்டிருக்கும் '10டபிள்யூ' மாதிரி எண்களின் விவகாரம். நான் லூப்ரிகன்ட் விற்பனையில் பத்து வருடம் இருந்தவன், இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இன்ஜின் ஆயிலில் 10டபிள்யூ30 என்றால், அந்த 10டபிள்யூ என்பது கடும் குளிரில், மைனஸ் 25 டிகிரியில் செய்யும் சோதனை. 30 என்பது 100 டிகிரி சூட்டில். ஃபோர்க் இந்த இரண்டு வெப்பத்தையும் பார்க்கப்போவதில்லை. ஃபோர்க் ஆயில் பாட்டிலில் உள்ள 5, 10, 15 எல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே அளவும் இல்லை. ஒருவருடைய 10, இன்னொருவருடைய 15-க்குப் பக்கத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது, தகவல் தாளில் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) என்று போட்டிருப்பதை. அந்த 40 டிகிரி நமக்குச் சித்திரை மாதத்து நிழல்.

தோராயமாக: 10 என்று விற்கும் ஃபோர்க் ஆயில் 30 முதல் 40 வரை. கியர் தானாக மாறும் கார்களுக்கான ஏடிஎஃப் 35 பக்கம் (ஹோண்டா தன் பழைய வண்டிகளின் கையேட்டில் ஃபோர்க்குக்கு ஏடிஎஃப் போடச் சொன்னது இதனால்தான்). 10டபிள்யூ30 இன்ஜின் ஆயில் 70 பக்கம். தனி கிரேடு 30 ஆயில் 90, 100. நம்ம 20டபிள்யூ50-யோ 150-க்கும் மேல்.

இரட்டைப்புகை சொன்னதில் பாதி சரி. இன்ஜின் ஆயிலை ஃபோர்க்கில் ஊற்றுவது பாவம் இல்லை. பழைய கையேடுகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும், அன்று தனியாக ஃபோர்க் ஆயில் கடையில் கிடைக்கவில்லை. ஆனால் எந்த இன்ஜின் ஆயில் என்பதுதான் கேள்வி.


இரட்டைப்புகை எழுதியது:

சரி, 20டபிள்யூ50 தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பாட்டிலுக்குக் காசு' என்றது என் சொந்தக் கருத்து, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.


மலைப்பாதை எழுதியது:

வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். 89 ஸ்டாண்டர்ட் தேடிக்கொண்டிருக்கிறேன்.


காவிரிக்கரை எழுதியது:

அப்பா வண்டி, கொடுக்க மாட்டேன் நண்பரே.

முறுக்கு அச்சு உதாரணத்துக்கு நன்றி ஐயா. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், "இது தெரியாமலா கடைக்குப் போனாய்" என்றார். இப்போது வேலை முறை சொல்லுங்கள். வடித்துவிட்டு ஊற்றினால் போதுமா, கழற்ற வேண்டுமா?


பழைய ஸ்பேனர் எழுதியது:

சீல் போகாமல் இருந்தால் வடித்து ஊற்றினாலே போதும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹெட்லைட் கூட்டின் மேல் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய நட்டை இளக்குங்கள். இதற்கு ரிங் ஸ்பேனர்தான். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைக் கொண்டு போனால் நட்டின் மூலை மழுங்கும், ஸ்பேனர் வழுக்கினால் பெயிண்ட்டும் போகும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம். அப்புறம் அடியில் உள்ள சின்ன டிரெய்ன் ஸ்க்ரூ. அதைக் கழற்றும் முன் பிரேக் டிரம்மைச் சுற்றிப் பழைய துணி கட்டுங்கள். ஆயில் முதலில் சொட்டும். ஃபோர்க்கை மேலும் கீழும் அசைத்தால் பிச்சுக்கொண்டு பாயும், சட்டையில்தான் முடியும். நான் ஒரு சின்னக் குழாயைத் துளையில் பிடித்து அதன் மறுமுனையைப் பாட்டிலில் விடுவேன்.

வடிந்ததை அளந்து பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் வண்டியின் கதை அதில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் எவ்வளவு வந்தது, என்ன நிறம், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுவதற்குப் பெரிய சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் 50 மில்லியில் கிடைக்கும். பாட்டிலில் கண் மட்டத்துக்கு ஊற்றுகிற பழக்கம் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். ஊற்றிவிட்டு, மேல் நட்டைப் போடும் முன் பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியே வந்துவிடும்.

உங்கள் வண்டிக்கு இது போதாது. சீல் மாற்ற வேண்டும், ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். அதனால் கழற்றத்தான் வேண்டும்.


லேத்துக்கடை எழுதியது:

இங்கேதான் நான் வருகிறேன். சீல் போனால் எல்லாரும் சீலைத் திட்டுவார்கள். நூற்றுக்கு எண்பது தடவை குற்றவாளி பைப்பு, அதாவது சீல் உரசுகிற ஃபோர்க் குழாய் (இந்த எண்பது என் கடைக் கணக்கு, கோபப்படாதீர்கள்). பாட்டம் (ஃபோர்க்கின் கீழ்க்குழாய்) கழன்று வந்ததும் பைப்பைத் துடைத்துவிட்டு, சீல் ஏறி இறங்கும் இடத்தில் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துருப்புள்ளி இருக்கிறது. அது ரம்பம் மாதிரி. புது சீலை ஒரு மாதத்தில் தின்றுவிடும்.

ஒன்றிரண்டு சின்னப் புள்ளி என்றால் மிக நைசான எமரி ஷீட்டில் ஆயில் தொட்டு, அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்க்கலாம். வட்டமாகத் தேயுங்கள், நீளவாக்கில் வேண்டாம். நீளக் கோடு விழுந்தால் ஆயில் அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறும். பள்ளம் ஆழமாக இருந்தால் ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்ய வேண்டும், இல்லையென்றால் புதுப் பைப்பு. சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் ஜி.பி. ரோட்டில் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். திருவொற்றியூரில் 1956-லிருந்து அடித்துத் தள்ளிய வண்டி இது, அதன் பாகம் கிடைக்கவில்லை என்ற பேச்சே கிடையாது. தரம்தான் கடைக்குக் கடை மாறும்.

புது சீலைப் பைப்பில் ஏற்றும்போது பைப்பின் முனைக்குப் பால் கவர் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் மேல் ஆயில் தடவி ஏற்றுங்கள். முனையின் விளிம்பில் பட்டால் சீலின் உதடு கிழிந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. அப்புறம் "புது சீலும் ஒழுகுது" என்று இங்கே வந்து எழுதுவீர்கள்.


இரட்டைப்புகை எழுதியது:

லேத்துக்கடை அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆர்எக்ஸ் மாதிரி பைப்பு வெளியே தெரிகிற வண்டிக்காரர்கள் சீல் ஒழுகினால் உடனே மாற்றாதீர்கள். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் கொக்கி மாதிரி ஒரு துண்டு வெட்டி, சீலுக்கும் பைப்புக்கும் நடுவே விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். உள்ளே சிக்கிய மண் வரும். எனக்கு இரண்டு தடவை அதிலேயே ஒழுகல் நின்றிருக்கிறது. இன்னொன்று, இந்த மாதிரி வண்டிகளில் பல, மேல் நட்டைத் திறந்தால் ஸ்பிரிங் தள்ளும். முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே திறக்காதீர்கள். என் தம்பிக்குப் புருவத்தில் தையல்.


அளவுகோல் எழுதியது:

புருவத்துக்கு ஃபோர்க் ஆயில் பாட்டில் எவ்வளவோ மலிவு, இரட்டைப்புகை.


காவிரிக்கரை எழுதியது:

முடித்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனது. வரிசையாகச் சொல்கிறேன்.

வடித்து அளந்தேன். இடது பக்கம் 230 மில்லி. வலது பக்கம் 90. ஒரே வண்டியில் ஒரு பக்கம் நிரம்பி, ஒரு பக்கம் பாதி காலி. இத்தனை நாள் இப்படியா ஓட்டினேன் என்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஊற்றிய புது ஆயில் வாய்க்கால் சேறு நிறத்தில் வந்தது. பாட்டத்தைக் கழற்றிக் கவிழ்த்தபோதுதான் காரணம் தெரிந்தது, அடியில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறக் களி. கடையில் வடித்ததோடு சரி, உள்ளே கழுவவில்லை. அந்தக் களிக்கு மேலேயே புது ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள்.

கழற்றும்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். சக்கரமும் மட்கார்டும் எடுத்த பிறகு, அடியில் உள்ள நட்டைக் கழற்றிவிட்டுப் பாட்டத்தைக் கீழே இழுத்தால் வரவே இல்லை. ஒரு மணி நேரம் இழுத்தேன். பழைய ஸ்பேனர் ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். "இழுக்காதே, நட்டு இருந்த தண்டை மரச் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டு" என்றார். இரண்டு தட்டு. கையோடு வந்துவிட்டது.

ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழையது சுண்டுவிரல் அகலத்துக்குக் குட்டை. இரண்டையும் மாற்றிவிட்டேன். வலது பைப்பில் நகம் ஒரு இடத்தில் லேசாகத் தட்டியது, எமரியில் தேய்த்தேன். பால் கவர் வித்தையும் செய்தேன். ஆயில், 20 என்று போட்ட ஃபோர்க் ஆயில், பக்கத்துக்கு 200, சிரிஞ்சில் அளந்து.

வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கிறது. பிரேக் பிடித்தால் இறங்குகிறது, ஆனால் விழவில்லை. நேற்று கல்லணை வரை போய் வந்தேன். மணிக்கட்டு வலி இல்லை. 'டங்' மட்டும் அப்படியே இருக்கிறது.


பழைய ஸ்பேனர் எழுதியது:

களியை என்ன கொண்டு கழுவினீர்கள்?


காவிரிக்கரை எழுதியது:

டீசல் ஐயா. அப்புறம் துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் புது ஆயில் விட்டு அலசி ஊற்றிவிட்டேன். கழிவு எல்லாவற்றையும் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவருக்காக வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

நல்லது. டீசலோ மண்ணெண்ணெயோ உள்ளே தங்கினால் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும், அதனால் கேட்டேன்.

'டங்'குக்கு: முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு பாட்டங்களையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒருவரை ஹெட்லைட் கூட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன். பாட்டத்துக்கும் பைப்புக்கும் நடுவே தெரிந்தால் புஷ். இன்னொன்றும் இருக்கிறது. சக்கரம் மாட்டும்போது ஆக்சிலின் கேப் நட்டுகளை முறுக்கும் முன் ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கினீர்களா? அப்படிச் செய்யாமல் முறுக்கினால் இரண்டு பாட்டமும் கோணலாகப் பிடித்துக்கொள்ளும், ஃபோர்க் சிக்கிச் சிக்கி இறங்கும்.


காவிரிக்கரை எழுதியது:

கோன்தான். விரலிலேயே தெரிந்தது. ஒரு சின்ன முறுக்கு முறுக்கியதும் சத்தம் போய்விட்டது. மூன்று மாதமாக ஃபோர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேப் நட்டை இளக்கி, அமுக்கி, திரும்ப முறுக்கினேன். முன்னைவிட வழவழப்பாக இறங்குகிறது.

இரவில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைக்கிறேன். நான்கு காலை பார்த்தாயிற்று. வலது பக்கம் சுத்தம், ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் இதுவரை ஒழுகாத இடது பக்கத்தில் இன்று காலை ஒரு சொட்டு.


லேத்துக்கடை எழுதியது:

சொட்டு எங்கிருந்து? பைப்பு வழியாக வழிந்ததா, அடியிலிருந்தா?


காவிரிக்கரை எழுதியது:

பைப்பு காய்ந்துதான் இருக்கிறது. அடியில், டிரெய்ன் ஸ்க்ரூ பக்கம் ஈரம்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

அந்த ஸ்க்ரூவுக்கு ஃபைபர் வாஷர் புதிதாகப் போட்டீர்களா?


காவிரிக்கரை எழுதியது:

வலது பக்கம் போட்டேன். இடது பக்கம் பழையது நன்றாகத்தான் இருந்தது என்று அதையே போட்டேன்.


இரட்டைப்புகை எழுதியது:

வாஷர் பாட்டிலைவிட மலிவு, காவிரிக்கரை.


காவிரிக்கரை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சிரிஞ்சும் கையுமாக உட்கார வேண்டும். இந்த முறை இரண்டு பக்கமும் வாஷர் வாங்கி வைத்துவிட்டேன்.